நொண்டும் கோழி! உள்ளங்காலில் கட்டியா? பிதுக்காதீர்கள்!

மழைக்காலம் வந்தால் மனிதர்களுக்கு சேற்றுப்புண். வீட்டில் வளர்க்கும் கோழிகளுக்கும் கால் புண். மனிதன் மருந்து தடவிக் கொள்வான். வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? நொண்டி நொண்டியே செத்துப் போகும்.

சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் வீட்டில் நாலு கோழி வளர்ப்பவர்கள் உண்டு. மொட்டை மாடியில் கூண்டு வைத்து வளர்ப்பவர்களும் உண்டு. நாட்டுக்கோழி முட்டைக்கு கிராக்கி அதிகம். வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு அது உதவும்.

அப்படிப்பட்ட கோழி திடீர் என்று ஒற்றைக்காலை தூக்கிக்கொண்டு நிற்கும். "முள்ளு குத்தியிருக்கும். ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்று விட்டு விடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது!

கறுப்பு பொருக்கு

கோழியை பிடித்து உள்ளங்காலை திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் வட்டமாக கறுப்பு பொருக்கு இருக்கும். சுற்றிலும் வீக்கம். தொட்டால் சுடும். இதை ஆங்கிலத்தில் 'பம்பிள்புட்' என்கிறார்கள்.

காலில் ஏற்படும் சின்ன கீறல் வழியாக கிருமி உள்ளே போகிறது. பெரும்பாலும் 'ஸ்டெபிலோகாக்கஸ்' என்ற கிருமிதான் காரணம். கவனிக்காமல் விட்டால் நரம்பு, மூட்டு, எலும்பு வரை பரவும். கோழி இரை எடுக்காது. முட்டை நின்று போகும். கடைசியில் உயிரும் போகும்.

காலில் வரும் எல்லாமே இந்த நோய் அல்ல. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதில் பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு.

சீழ் ஓடாது!

கட்டியை கண்டதும் பிளேடால் கீறி பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய தப்பு. மனிதனுக்கு வருவது போல கோழிக்கு சீழ் தண்ணீராக ஓடாது. வெந்த மஞ்சள் கரு மாதிரி கெட்டியாக உறைந்து கிடக்கும். பிதுக்கினால் வெளியே வராது. கிருமிதான் இன்னும் ஆழத்துக்கு போகும்.

மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. தோல் வெந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது

வீக்கம் லேசாக இருந்து கோழி நன்றாக இரை எடுத்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். விவரம் வருமாறு:-

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேஜைக்கரண்டி எப்சம் உப்பு கரைக்க வேண்டும். பேதி உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். அதில் கோழியின் காலை 10 முதல் 15 நிமிடம் ஊற வைக்க வேண்டும். அந்த தண்ணீரை கோழி குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடித்தால் கழிச்சல் வரும்.

பிறகு காலை ஈரம் போக துடைத்து, பொவிடோன் அயோடின் மருந்து தடவி, சுத்தமான துணியால் கட்டுப் போட வேண்டும். இறுக்கக் கூடாது. தினமும் கட்டை மாற்ற வேண்டும். கோழியை தனியாக, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இந்த கிருமி மனிதர்களின் புண்ணிலும் தொற்றக்கூடியது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டு கை கழுவ வேண்டும்.

டாக்டரிடம் போங்கள்

கறுப்பு பொருக்கு விழுந்துவிட்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, வீக்கம் மேலே ஏறினாலோ கால்நடை டாக்டரிடம்தான் போக வேண்டும். அவர் மரத்துப்போக ஊசி போட்டு கட்டியை எடுப்பார். அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது.

வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையை பொடி செய்து கோழிக்கு கொடுப்பது விபரீதம்! அந்த மருந்து முட்டையில் இறங்கும். அந்த முட்டையை சாப்பிடுவது உங்கள் வீட்டு குழந்தை. டாக்டர் மருந்து கொடுத்தால், "எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி மருந்தை கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்விடும். மனிதனுக்கு கடைசி கட்டத்தில் கை கொடுக்கும் மருந்து 'கோலிஸ்டின்'. அதை கோழி முதலான உணவுக்கான பிராணிகளுக்கு கொடுக்க மத்திய அரசு 2019-ம் ஆண்டு தடை விதித்தது.

கூண்டில்தான் கோளாறு

காலுக்கு வைத்தியம் செய்து அதே கூண்டில் விட்டால் மறுபடியும் வரும். நோய்க்கு மூலம் கூண்டில் இருக்கிறது.

கம்பி வலை தரை, உடைந்த சிமெண்டு, ஆணி, கண்ணாடித்துண்டு எல்லாம் காலை கிழிக்கும். ஈர எச்சத்தில் நின்றால் தோல் ஊறிப்போய் சுலபமாக கிழியும். உயரத்தில் இருந்து தொப்பென்று குதித்தாலும் பாதம் நசுங்கும். மிச்ச சோற்றை தின்று கொழுத்த கோழிக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கோழி ஏறி உட்காரும் கட்டை ஒன்றரை அடிக்கு மேல் உயரம் வேண்டாம். அகலம் 2 அங்குலம் இருக்கட்டும். ஓரங்களை இழைத்து வழவழப்பாக்க வேண்டும். தரையில் உமி அல்லது மரத்தூள் பரப்பி, நனைந்ததும் மாற்ற வேண்டும். தீவனத்தோடு கீரையும் போடலாம். வைட்டமின் 'ஏ' குறைந்தாலும் பாதத்தின் தோல் கெடும்.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு கோழியின் உள்ளங்காலையும் பார்த்துவிட வேண்டும். அஞ்சு நிமிஷ வேலை. கறுப்பு பொருக்கு விழுவதற்கு முன்னால் தோல் சிவந்து காட்டும். அப்போதே கவனித்தால் கத்திக்கு வேலை இல்லை. கோழியும் பிழைக்கும். முட்டை காசும் பிழைக்கும்.