டோகோராவும் எங்க ஊர் குளவியும்

போன எபிசோடுல காட்ஸில்லா பத்திப் பேசினதும், "அடுத்து கிங் கிடோராவா?"ன்னு கேட்டிருந்தீங்க. இல்ல. அதே 1964ல, அதே டோஹோ கம்பெனிக்காக, அதே இயக்குநர் இஷிரோ ஹோண்டா எடுத்த இன்னொரு படம்: டோகோரா.

விண்வெளியில மிதக்கிற ஒரு செல், கதிர்வீச்சு பட்டு உருமாறி, ராட்சச ஜெல்லிமீன் மாதிரி வானத்துல தொங்குது. அதோட சாப்பாடு கார்பன். வைரத்தைத் தின்னும், நிலக்கரியைக் கட்டுக்கட்டா மேல உறிஞ்சிக்கும். ரப்பர் சட்டை போட்ட ஆள் கிடையாது இங்க. வினைல் பொம்மையைத் தண்ணித் தொட்டிக்குள்ள ஆட்டிப் படம் பிடிச்சார் எய்ஜி ட்சுபுராயா. இன்னைக்குப் பார்த்தாலும் அந்த அசைவு அழகு. வைரக் கொள்ளைக்காரங்க கதை மட்டும் கொஞ்சம் ஜவ்வு.

பீரங்கி, ஏவுகணை எதுவும் வேலைக்கு ஆகல. குளவிக் கூட்டத்தோட மோதினதும் அது படிகமா இறுகி உதிருது. உடனே குளவி விஷத்தைச் செயற்கையா தயாரிச்சு வானத்துல அடிக்கிறாங்க, எஸ்டேட்ல மருந்தடிக்கிற மாதிரியே.

இந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வரல. குன்னூர் பக்கம் எங்க அம்மா தேயிலை பறிச்சவங்க. செடிக்குள்ள கூடு இருக்கிறது கை பட்டாதான் தெரியும். ஒரு நாள் முகமெல்லாம் வீங்கி, ரெண்டு பேர் தாங்கிக் கூட்டிட்டு வந்தாங்க. கண்ணு திறக்கவே ரெண்டு நாள் ஆச்சு. மூணாம் நாள் மறுபடி கூடையை மாட்டிட்டாங்க, நாள் கூலி போயிடும்ல. சமீபத்துல அவங்களை உட்கார வெச்சு இந்தப் படத்தைக் காட்டினேன். "குளவி கொட்டுனா எதுவா இருந்தாலும் விழும்டா"ன்னாங்க. அவ்வளவுதான் விமர்சனம்.

சரி, அந்தக் கதிர்வீச்சு மட்டும் கற்பனை இல்ல. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் வந்து காற்று மண்டலத்துல மோதுது. அதுல பிறக்கிற மியூவான் துகள்கள் நம்ம உடம்பு வழியாவே போகுது. அதை எண்ணுறதுக்கு ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3னு ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்துறது. ஜப்பான்காரங்க நம்ம மலையில வந்து தேடினது விண்வெளித் துகளைத்தான், மான்ஸ்டரை இல்ல!

2014 டிசம்பர் 1, ஊட்டி மேல ஒரு இடிமேகம். மேகத்துக்குள்ள இருக்கிற மின்புலம் மியூவானோட ஆற்றலை மாத்தும். அதனால கீழ வந்து சேர்ற எண்ணிக்கை குறையும். எவ்வளவு குறைஞ்சதுன்னு வெச்சு மேகத்தோட மின்னழுத்தத்தைக் கணக்குப் போட்டாங்க. சுமார் 130 கோடி வோல்ட்! முன்னாடி பலூன் விட்டு அளந்ததைவிட பத்து மடங்கு. 2019ல ஆய்வுக் கட்டுரையா வந்தது.

அம்மாகிட்ட இதையும் சொன்னேன். "அன்னைக்கும் இடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் எங்களை மேல ஏறச் சொன்னாங்க"ன்னாங்க.