வீட்டுக் கொல்லையும் ஊரார் உடல்நலமும்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. புள்ளலூர் போன்ற சிற்றூர்களில் ஏரி நிரம்பினால் நெல் விளையும். நெல் விளைந்தால் பசி தீரும். ஆனால் பசி தீர்வது வேறு. உடல் உரம் பெறுவது வேறு. வயிறு நிறையச் சோறு உண்பவரிடமும் சோகை காணப்படுவதே இதற்குச் சான்றாகும்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை உள்ளது. நாற்று நடும் பெண்டிரும் கருவுற்ற தாய்மாரும் இவர்களுள் அடங்குவர். சோகைக்குக் காரணங்கள் பல; அவற்றுள் முதன்மையானது இரும்புச்சத்துக் குறைவு.

அரிசி உழைப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கீரைகளில் அச்சத்து இருப்பினும், உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. கீரை உணவுடன் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேரச் செய்யும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தின் இப்பயன் குறையும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாலைக்கண் வாராமல் காக்கும் வைட்டமின் ஏ சத்துக்கு உதவுவன. கீரையைக் கழுவிய பின்னரே நறுக்குதல் வேண்டும். வேகவைத்த நீரைக் கொட்டாது ரசத்தில் சேர்க்கலாம். சோகை முற்றியவர்கள் உணவை மட்டும் நம்பியிராது, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடி மருந்து பெறுதல் அவசியம்.

வளர்ந்தவர் ஒருவர் நாள்தோறும் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டுமென்று, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இவ்வளவையும் விலைக்கு வாங்குவது எளிய குடும்பங்களுக்கு அரிது. ஆகவே, நாமே விளைவித்துக்கொள்வதுதான் வழி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதங்களில் காய் தரும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்குப் பாய்ச்சலாம். கீரைப் பாத்திக்கு நல்ல நீரே விட வேண்டும். விளைந்ததை எல்லாம் சந்தைக்கு அனுப்பாது, வீட்டுக் குழந்தைகளுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்தல் நன்று.

கொல்லையே இல்லாத கூலிக் குடும்பங்கள் என் செய்யும்? இங்குதான் பஞ்சாயத்தின் பொறுப்பு தொடங்குகிறது. இம்மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஏரியைப் போன்றே தோட்டமும் ஊர்ச்சபையின் கவனத்துக்கு உரியதாய் இருந்தது. இன்றைய பஞ்சாயத்துகளும் பள்ளி, அங்கன்வாடி வளாகங்களில் முருங்கை, பப்பாளி, கொய்யா நடலாம். நீர் வசதியுள்ள பொது இடத்தை, விதிகளுக்கு உட்பட்டு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் கீரை பயிரிட அளிக்கலாம். அதில் நிலமற்ற குடும்பங்களுக்கு முதலிடம் தருவதே முறை.

ஏரிக்கரையைக் காப்பதில் காட்டும் அக்கறையைக் கீரைப் பாத்தியிலும் காட்டுவோமாக. நெல் நம் பசியைத் தீர்க்கட்டும். காயும் கனியும் நம் மக்களின் நலத்தைப் பேணட்டும்.