பவளமும் அதன் பெயர்களும்

திருவண்ணாமலையில், பெரிய மலையின் கிழக்குப் புறத்தே ஒரு சிறு குன்று உண்டு. பவழக்குன்று என்பது அதன் பெயர். உமையம்மையார் தவமியற்றிய தலப்புராணக் கதையோடு தொடர்புடைய இடம் அது. இரமண மகரிஷி இளமையில் அங்கே தங்கியிருந்த காலத்தில், 1898ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அவருடைய அன்னையார் அழகம்மை தேடி வந்து, வீட்டுக்குத் திரும்புமாறு வேண்டி நின்றார். மகரிஷி வாய் திறவாமல் காகிதத்தில் விடை எழுதிக் கொடுத்தார். இவையெல்லாம் ஊரார் அறிந்தவை. ஆயினும், கடலுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள குன்றுக்குக் கடல்படு பொருளின் பெயர் எவ்வாறு வந்தது? மாணாக்கர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

நிறத்தால் வந்தது என்று கொள்வதே பொருந்தும். அருணாசலம் என்பதில் அருணம் செந்நிறத்தைக் குறிக்கும். இறைவன் தீப்பிழம்பாக நின்ற மலை இது என்பது நம்பிக்கை. சிவபெருமானின் திருமேனிக்குப் பவளத்தை உவமை கூறுவது தேவார ஆசிரியர்களின் வழக்கம். அந்தச் செம்மையில் ஒரு பங்கு பக்கத்துக் குன்றுக்கும் கிடைத்தது. குன்றின் கல்லைப் பெயர்த்துப் பவளம் தேட வேண்டுவதில்லை. பவழம், பவளம் என்ற இரு வடிவமும் வழக்கில் உள்ளவையே. இவற்றுள் எதை எழுதினாலும் பிழையன்று.

பவளத்துக்குத் தமிழில் துகிர் என்றொரு பெயரும் உண்டு. இன்று அது பேச்சில் இல்லை. சங்க நூல்களில் அழகாகப் பயின்று வருகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்தபின், அவனை ஒருநாளும் நேரிற் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் வந்து தாமும் வடக்கிருந்தார். அதைக் கண்ட கண்ணகனார் என்னும் புலவர் பாடியது புறநானூற்றின் 218ஆம் பாட்டு. பொன்னும் துகிரும் முத்தும் மணியும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான இடங்களிற் பிறப்பவை. ஆனாலும் ஓர் அணிகலன் செய்யும்போது ஒன்றுசேர்கின்றன. அதுபோலவே சான்றோர் சான்றோர் பக்கமே சேர்வர் என்பது அதன் கருத்து. இந்த உவமை உயிர்பெற வேண்டுமானால், பவளம் எத்துணைத் தொலைவிலிருந்து வந்தது என்பதை நாம் அறிய வேண்டும்.

நகைக்கு உதவும் செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய ‘பெரிப்புளூசு’ என்னும் கடல்வழி நூல், முசிறித் துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் கூறுகிறது. கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, நம் நாட்டு முத்தை உரோமர் எவ்வளவு விரும்பினரோ அவ்வளவு தம் நாட்டுப் பவளத்தை இந்தியர் விரும்பினர் என்று எழுதிவைத்தார். அவர்கள் பவளம் தந்து முத்தும் மிளகும் கொண்டு சென்றனர். பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த துகிரைக் கீழ்க்கடலில் பிறந்ததாகச் சொல்கிறது. கீழ்க்கடல் வழியாக வந்து இறங்கிய பொருளைக் கீழ்க்கடற் பொருள் என்று மக்கள் கூறியிருத்தல் கூடும். இது என் கருத்து, முடிந்த முடிபன்று.

இனி, பவளம் என்னும் சொல்லின் பிறப்பைக் காண்போம். வடமொழியில் பிரவாளம் என்பர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதிலிருந்தே பவளம் வந்ததாகக் காட்டும். தமிழ்ச் சொல்லே என்று வாதிடுவாரும் உளர். தெலுங்கில் பகடமு, மலையாளத்தில் பவிழம் என அண்டை மொழிகளிலும் இச்சொல் உருமாறி வழங்குவது இரு சாரார்க்கும் துணையாகிறது! இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். பொருள் கடல் கடந்து வந்தது என்பதை ஏற்பவர், சொல்லும் உடன் வந்திருக்கலாம் என்பதைக் கேட்டுச் சினங்கொள்ள வேண்டுவதில்லை. அதனால் தமிழுக்கு இழுக்கும் நேராது.

பிரவாளம் என்ற சொல்லுக்கு வடமொழியில் இளந்தளிர் என்றும் பொருள் உண்டு. பவளத்தின் மற்றொரு வடமொழிப் பெயரான வித்துருமம் என்பதில் துருமம் மரத்தைக் குறிப்பது. நம் முன்னோரோ அதைக் கொடியாகவே கண்டனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிவீதி வருணிக்கப்படுகிறது. உள்ளே துளைபட்டதும், கல்லிடையே முடங்கியதும், முறுக்குண்டதும் ஆகிய குற்றங்கள் நீங்கிய பவளத்தை இளங்கோவடிகள் செங்கொடி என்றே குறிக்கிறார். பவளக்கொடி என்று பெண்ணுக்குப் பெயர் வந்ததும் இவ்வழியில்தான். கூத்தாகவும் நாடகமாகவும் நடந்து, 1934இல் தியாகராஜ பாகவதர் நடித்த திரைப்படமாகவும் வந்தது அப்பெண்ணின் கதை. கிரேக்கர் கதையும் இதற்கு ஒத்ததே. கண்டாரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை ஒரு வீரன் கடற்பாசியின்மேல் வைத்தானாம். பாசி இறுகிப் பவளமாயிற்றாம்.

ஆக, தமிழரும் வடமொழியாளரும் கிரேக்கரும் பவளத்தைச் செடியினம் என்றே எண்ணினர். கிளைவிட்ட வடிவத்தைக் கண்டவர் வேறெவ்வாறு எண்ணுவர்? மார்சேய் நகரத்து மருத்துவர் பெய்சொனல் 1720களில் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் உயிர்ப் பவளத்தைக் கடல்நீரிலேயே வைத்து ஆராய்ந்தார். பூக்கள் என்று பிறர் கூறியவை, இரை தேடி விரியும், தொட்டால் சுருங்கும் சிற்றுயிர்கள் என்று கண்டார். பாரிசு நகரின் பேரறிஞர் ரோமூர் அதை நம்பவில்லை. எழுதியவர் நகைப்புக்கு இடமாவாரே என்று இரங்கி, அவர் பெயரைச் சொல்லாமலே கருத்தை அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். பல ஆண்டுகள் கழிந்தபின்பே பெய்சொனல் கூறியது மெய் என உலகம் ஒப்பியது. அச்சிற்றுயிர்கள் சுண்ணாம்புப் பொருளால் கட்டிய கூட்டையே நாம் மெருகிட்டு மாலையாகக் கோக்கிறோம். அக்கிளை ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுகூடப் பருப்பதில்லை.

தமிழும் வடமொழியும் கலந்து எழுதிய உரைநடைக்கு மணிப்பிரவாளம் என்று பெயர் என்பதை நேயர்கள் அறிவர். திவ்வியப் பிரபந்த உரைகள் அந்நடைக்குச் சான்று. மணியும் பவளமும் விரவிக் கோத்த மாலை போன்றது என்பது கருத்து. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த லீலாதிலகம், மாணிக்கமும் பவளமும் ஒரே செந்நிறமாதலால் வேற்றுமை தோன்றாமல் கலக்கும் என்று நயம் காட்டுகிறது. நல்ல விளக்கம், ஆனால் அந்நடையைப் படிக்க முயன்ற மாணாக்கனைக் கேட்டால் வேற்றுமை நன்றாகவே தோன்றுகிறது என்பான்.

காம்பு சிவந்த மலர் பவழமல்லி ஆயிற்று. 75ஆம் ஆண்டு நிறைவைப் பவள விழா என்கிறோம். மேனாட்டாரோ 35ஆம் ஆண்டுக்கே பவளத்தின் பெயரைச் சூட்டியுள்ளனர்.

பவளப்பாறை என்னும் சொல் மட்டும் சற்று மயக்கம் தருவது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை உண்டென்று படிக்கும் மாணாக்கன், அங்கே நகைப்பவளம் எடுக்கலாம் என எண்ணிவிடுகிறான். அவ்வாறன்று. பாறை கட்டும் பவளம் வேறோர் இனம். உடலுக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, வெயில் புகும் ஆழமற்ற நீரில் வாழ்வது. இறந்தால் எஞ்சுவது வெண்ணிறக் கூடு. அதைக் கல் என்று கருதியே நெடுங்காலம் வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டனர். 1986இல் அங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சட்டத்தின் கண்ணில் பவளம் உயிராயிற்று. ஆனால் அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற பவளத்தை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பர். ஒன்று பூவரசன்பட்டி, மற்றொன்று விலாங்குச்சல்லி. சல்லி என்றால் உடைந்த சிறு கல்.