ஏட்டய்யா, கொஞ்சம் வெளியே நில்லுங்க

கைதி வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: “தம்பி, பேப்பர்ல சுத்தி முழுங்கினியா, வெறும் பிளேடா?” பக்கத்தில் போலீஸ் நின்றால் பதில் வராது. “ஏட்டய்யா, கதவுக்கு வெளியே நில்லுங்க” என்பேன். அப்புறம்தான் வாய் திறப்பான்.

நெல்லிக்குப்பத்துக்காரியான நான், அரசு மருத்துவமனை ஒன்றில் எண்டோஸ்கோபி அறை நர்ஸாக இருந்தவள். என்ன முழுங்கினான் என்பதை வைத்துத்தான் வைத்தியமே. பல பொருட்கள் மலத்தோடு தானாக வந்துவிடும். 2.5 செ.மீ.க்கு மேல் அகலமானது இரைப்பையைத் தாண்டுவது கஷ்டம், 6 செ.மீ.க்கு மேல் நீளமானது சிறுகுடல் வளைவில் மாட்டும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். போதைப் பொட்டலம் என்றால் குழாய் விட்டு எடுக்கவே கூடாது. கிழிந்தால் உயிர் போகும். எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், பிளாஸ்டிக்கும் மரக்குச்சியும் பெரும்பாலும் தெரியாது. அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

2025-இல் கர்நாடகாவின் ஷிவமொக்கா சிறைக் கைதி ஒருவர் கல்லை முழுங்கிவிட்டதாகச் சொன்னார். மெக்கான் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தது செல்போன். டெல்லி திகார் சிறையில் 2022 ஜனவரியில் சோதனைக்குப் பயந்து போனை முழுங்கியவருக்கு ஜி.பி. பந்த் மருத்துவமனையில் எண்டோஸ்கோபியிலேயே எடுத்துவிட்டார்கள். கைதிகளின் மருத்துவப் பரிசோதனை முழு ரகசியமாக நடக்க வேண்டும் என்று ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் 2015-லேயே சொல்லியிருக்கின்றன. வைத்தியத்துக்கே அந்த ரகசியம் தேவை.

பிளேடு எடுக்கும்போது எண்டோஸ்கோப் நுனியில் ரப்பர் குல்லாய் ஒன்றைப் பின்பக்கமாக மடித்து மாட்டுவோம். டாக்டர் இடுக்கியால் பிளேடைப் பிடித்து மெல்ல இழுப்பார். இரைப்பையின் மேல்வாய்க்கு வரும்போது குல்லாய் முன்னால் புரண்டு பிளேடை மூடிக்கொள்ளும். உணவுக்குழாய் கிழியாமல் தப்பும். அந்த நொடிவரை அறையில் யாரும் பேச மாட்டோம். வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று சிலர் ஊட்டி அனுப்புவார்கள். செய்யாதீர்கள், வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

போனை மறைக்க முழுங்கியவருக்கு, வயிறு சரியானால் பாதி வேலை முடிந்தது. பிளேடு முழுங்குகிறவன் பெரும்பாலும் வேறு மாதிரி. தனி செல், கிடைக்காத ஜாமீன், பேச ஆளில்லாத ராத்திரிகள். “நாடகம் போடுறான் சிஸ்டர்” என்பார்கள். நாடகத்துக்கு முழுங்கினாலும் குடல் ஓட்டையாகும். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல சிகிச்சை மையம் வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு.

மனநல ஓ.பி. தேதி எழுதாத டிஸ்சார்ஜ் சீட்டை நான் கொடுத்தனுப்ப மாட்டேன். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று அந்தத் தேதி தவறுவதுண்டு. அப்படித் தவறிய பையன் ஒருவன் ஸ்பூன் காம்பை முழுங்கிவிட்டுத் திரும்ப வந்தான். கடலூர் கேப்பர் மலைச் சிறைக்கு மனு பார்க்கப் போகும் அம்மாக்கள் அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள்.