திறன்பேசியைக் கணினியுடன் இணைத்து வெளிச்செயலிகளைக் கையாளுதல்

கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் போன்ற அதிகாரப்பூர்வக் கடைகள் வழியாக அல்லாமல் வேறு வழியில் ஒரு செயலியைத் திறன்பேசியில் நிறுவுவது சைட்லோடிங் எனப்படும். அவ்வாறு வந்த செயலியை இக்கட்டுரை வெளிச்செயலி என்று குறிப்பிடுகிறது. ஆண்ட்ராய்டில் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் ஏ.பி.கே என்னும் கோப்பாகக் கிடைக்கின்றன. திறன்பேசியைக் கணினியுடன் இணைத்தால் வெளிச்செயலிகளை நிறுவலாம், எது எந்த வழியில் வந்தது என்று பார்க்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். அதே இணைப்பு, அந்தக் கணினிக்குத் திறன்பேசியின் மீது பெரும் அதிகாரத்தையும் தருகிறது.

டிக்டாக் தடையும் வெளிச்செயலிகளும்

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு நடுவண் அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. அம்மாத நடுவில் கூகுளும் ஆப்பிளும் இந்தியாவில் தம் கடைகளிலிருந்து அதை நீக்கின. ஆனால் ஏற்கெனவே நிறுவியவர்களிடம் செயலி தொடர்ந்து இயங்கியது. புதிதாக வேண்டியவர்களுக்கு அதன் ஏ.பி.கே கோப்பு பிற இணையதளங்களில் கிடைத்தது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் தடையை விலக்கியது.

2020 ஜூன் 29 அன்று நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது நிலைமை வேறு. இம்முறை சேவையே இந்தியாவில் நிறுத்தப்பட்டதால், கோப்பு கையில் இருந்தும் பயனில்லை. அச்சூழலில் 'டிக்டாக் புரோ' என்ற போலிச் செயலியின் இணைப்பு குறுஞ்செய்தியிலும் வாட்சப்பிலும் பரவியது. பின்னாளில் போக்குவரத்து அபராத ரசீது, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களிலும் போலி ஏ.பி.கே கோப்புகள் இந்தியாவில் பரவின. எனவே திறன்பேசியில் எந்தச் செயலி எந்த வழியில் வந்தது என்று அறிவது அனைவருக்கும் தேவையாகிறது.

ஆண்ட்ராய்டில் இணைக்கும் முறை

இதற்குப் பயன்படும் கருவி ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ், சுருக்கமாக ஏ.டி.பி. கூகுள் இதைக் கட்டணமின்றி வழங்குகிறது.

1. திறன்பேசி அமைப்புகளில் 'பில்டு நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால், மறைந்திருக்கும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதி தோன்றும்.
2. அதில் யூ.எஸ்.பி டீபக்கிங் வசதியை இயக்கிக் கம்பியால் கணினியுடன் இணைக்க வேண்டும்.
3. கணினியின் அடையாளச் சாவியைத் திரையில் காட்டி, அதை நம்பலாமா என்று திறன்பேசி கேட்கும். இசைந்தால் இணைப்பு உருவாகும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் கம்பியில்லாமலும் இணைக்கலாம். இரு கருவிகளும் ஒரே வைஃபை வலையமைப்பில் இருக்க வேண்டும். திறன்பேசி காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கணினியில் உள்ளிட வேண்டும்.

வெளிச்செயலிகளைக் கண்டறிதலும் நீக்குதலும்

ஏ.டி.பி வழியாகச் செயலிகளின் பட்டியலை, அவற்றை நிறுவிய மூலத்தின் பெயரோடு பெற முடியும். கூகுள் பிளே வழியாக வந்தவற்றின் எதிரே 'காம்.ஆண்ட்ராய்டு.வெண்டிங்' என்ற பெயர் இருக்கும். வேறு பெயரோ, பெயரே இல்லாமலோ இருப்பவற்றை ஆராய வேண்டும். அவை அனைத்தும் தீயவை அல்ல. உற்பத்தியாளரின் கடையிலிருந்தோ, எஃப்-டிராய்டு போன்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்தோ வந்தவையும் அவற்றுள் இருக்கும்.

முகப்புத் திரையில் தன் சின்னத்தை மறைத்துக்கொள்ளும் தீச்செயலியும் இப்பட்டியலில் தென்படும் என்பது இம்முறையின் முக்கியப் பயன். ஒரு செயலி நீக்க முடியாமல் அடம்பிடித்தால், அது கருவி நிர்வாகி உரிமையைப் பெற்றிருக்கலாம். அமைப்புகளில் அவ்வுரிமையைப் பறித்த பின் நீக்க வேண்டும்.

வெளிச்செயலியைப் புதுப்பிக்கும்போது புதிய கோப்பு, பழையதன் அதே எண்ணிமக் கையொப்பத்தைக் கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் ஆண்ட்ராய்டு மறுத்துவிடும். வேறொருவர் திருத்திய கோப்பு அசல் செயலியின் இடத்தில் அமர்வதை இது தடுக்கிறது. ஆனால் முதன்முறை நிறுவும்போது ஒப்பிடப் பழைய கையொப்பம் இல்லை. ஆகவே முதல் கோப்பை எங்கிருந்து பெறுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஐபோனில்

ஐபோனைக் கணினியில் பொருத்தியதும் 'இக்கணினியை நம்பலாமா?' என்ற கேள்வி எழும். கடவுக்குறியை உள்ளிட்டால் இணைப்பு பதிவாகும். 2019இல் வெளிவந்த ஆல்ட்ஸ்டோர் இவ்விணைப்பைப் பயன்படுத்துகிறது. கட்டணமில்லா ஆப்பிள் கணக்கால் கையொப்பமிட்ட செயலி ஏழு நாள்களில் காலாவதியாகும். அதற்குள் கணினியின் உதவியால் புதுப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் மாற்றுக் கடைகளை ஆப்பிள் அனுமதித்தது.

பாதுகாப்பு

நம்பிக்கை பெற்ற கணினி, திறன்பேசியில் செயலியை நிறுவவும் நீக்கவும், கோப்புகளை நகலெடுக்கவும், திரையைப் படம் பிடிக்கவும் வல்லது. ஆகவே பின்வருவன நினைவில் கொள்ளத்தக்கவை.

• கல்லூரி ஆய்வகம், இணைய மையம், பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றின் கணினிகளுக்கு 'எப்போதும் அனுமதி' தரக்கூடாது.
• வேலை முடிந்ததும் டீபக்கிங் வசதியை அணைத்து, அதே பகுதியில் பழைய அனுமதிகளையும் ரத்து செய்ய வேண்டும். கம்பியைப் பிடுங்கினால் மட்டும் அனுமதி நீங்காது. ஐபோனில் இருப்பிட, தனியுரிமை அமைப்புகளை மீட்டமைத்தால் நம்பிக்கைப் பதிவு அழியும்.
• தொலைபேசியில் அழைத்து டீபக்கிங்கை இயக்கச் சொல்லும் 'வங்கி அலுவலர்' மோசடிக்காரரே.
• வெளிச்செயலியால் பணம் பறிபோனால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு பேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.