கிரியேட்டினின் மட்டும் போதாது

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் சிறுநீர். அதில் சல்போசாலிசிலிக் அமிலம் சில சொட்டு. தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. வெள்ளையாகக் கலங்கினால் சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று பொருள். சென்னையை ஒட்டிய கிராமங்களில் வீடு வீடாகப் போய் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் டாக்டர்களோ நர்ஸ்களோ அல்லர்; பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. கூடவே சில கேள்விகள், ரத்த அழுத்தம், பெனடிக்ட் கரைசலோடு சிறுநீரைச் சூடாக்கிச் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு பார்வை. அவர்கள் பையில் இருந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில் உருவான கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் நடத்திய திட்டம் அது. டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் நம் நாட்டில் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது, அந்தக் கட்டத்துக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் வழி என்பது அவர் வாதம். சுமார் 25,000 பேர் வசித்த பகுதியை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த மாத்திரைகளும் மலிவானவையே: ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின், கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். ரத்தக் கொதிப்பு இருந்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது 140/90-க்குக் கீழே வந்தது. செலவு, தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட். 2003-ல் இதுபற்றிய கட்டுரை வெளியானபோது நம் பணத்தில் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். டயாலிசிஸுக்கு ஒரு தடவை ஆட்டோவில் போய்வரக்கூட அது காணாது.

சிறுநீர் கலங்குவதை நோயோடு முதலில் தெளிவாக முடிச்சுப் போட்டவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். 1827-ல் எழுதினார். கைகால் வீங்கி, உடம்பெல்லாம் நீர் கோத்து வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது திரள்வதுபோல அது திரண்டது. அவர்கள் இறந்தபின் அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் சுருங்கி, சொரசொரத்துப் போயிருந்தது. ரத்தத்தில் இருக்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் வெளியே ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. வெகுகாலம் இந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்து அழைத்தார்கள்.

இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. கரண்டி போய் ஸ்டிரிப் வந்துவிட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி மாஸ்டர் செக்கப் செய்துகொண்டு வருகிறவர்களின் ஃபைலைப் புரட்டினால் தைராய்டு இருக்கும், வைட்டமின் டி இருக்கும், இதயத்துக்கு எக்கோகூட இருக்கும். சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு என்ற ஒரு வரி பல ஃபைல்களில் இருக்காது. ரத்தம் என்றால் கையை நீட்டிவிடுகிறோம். சிறுநீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லேப் வராந்தாவில் நடக்கத்தான் நமக்குக் கூச்சம்.

"உப்பு ஒண்ணு புள்ளி ரெண்டுதான் சார், நார்மல்னு போட்டிருக்கு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். உப்பு என்று நம் வீடுகளில் சொல்வது ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை. தசைகள் வேலை செய்வதில் சேரும் கழிவு அது. தசை அதிகம் இருப்பவருக்கு இயல்பாகவே கூடும், மெலிந்தவருக்குக் குறையும். 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால், இப்போது வழக்கில் உள்ள சூத்திரப்படி அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 86 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. அதே 1.2 ஒரு 60 வயது அம்மாவுக்கு என்றால் கணக்கு 52-க்கு இறங்கிவிடும். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். லேப் தாளில் இரண்டு பேருக்கும் அநேகமாக நார்மல் என்றே இருக்கும். கிரியேட்டினின் ஏறிக் கண்ணில் படுவதற்குள் பாதித் திறன் போயிருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

இவ்வளவு தாமதமாக ஏன் தெரிகிறது? சிறுநீரகத்தின் கெட்டிக்காரத்தனமே இங்கே எமனாகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. உடம்பில் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே மூன்று லிட்டர்தான். அப்படியானால் அதே நீர் நாளொன்றுக்கு அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. வடித்ததில் ஒன்றரை லிட்டர்போல மட்டும் சிறுநீராக வெளியேற, மிச்சம் அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. நெஃப்ரான்களின் எண்ணிக்கை தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடும். பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. சில லட்சம் செத்தால் மீதியுள்ளவை அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் அழுத்தம் கூடும், வடிகட்டி நைந்துபோகும், அவையும் சாகும். இதைச் சிறுநீரக ஆய்வாளர் பாரி பிரென்னர் 1982-ல் விளக்கினார். வெளியே ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். வலி கிடையாது. பசியின்மை, குமட்டல், மூச்சிரைப்பு, கால் வீக்கம் எல்லாம் கடைசிக் கட்ட அறிகுறிகள்.

வடிகட்டி நையத் தொடங்கும்போது முதலில் நழுவுவது ஆல்புமின். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டு முன்பே இது தெரிந்துவிடும், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உடற்பயிற்சி இருக்கும் நாளில் பார்த்தால் பொய்யாக ஏறிக் காட்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் உத்தமம்.

கண்டுபிடித்து என்ன செய்ய, குணமாக்கவா முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றைக்கு இல்லை. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்ப் பிறந்தது காப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை. நெஃப்ரானுக்குள் உள்ள அழுத்தத்தை அது குறிப்பாகத் தணிக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களில் மரணம், டயாலிசிஸ், மாற்று அறுவை என்ற நிலைக்குப் போவதை அது பாதியாகக் குறைத்ததாக 1993-ல் எட்மண்ட் லூயிஸ் குழு காட்டியது. எனாலபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிகள். லோசார்டான், டெல்மிசார்டான் வேறு வழியில் அதே காரியத்தைச் செய்பவை. அடுத்தது ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டை. 1835-ல் அதிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். பின்னாளில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. அந்த வழியில் வந்த டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் மோசமடைவது, சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றை மொத்தமாக 39 சதவீதம் குறைத்ததாக 2020-ல் பெரிய ஆய்வொன்று காட்டியது. சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. பாம்பும் ஆப்பிளும் சேர்ந்து மனிதனைக் கெடுத்த கதையைத்தான் கேட்டிருக்கிறோம்! 2020-ல் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்க, விலை மளமளவென்று சரிந்தது. ஆனால் கசிவு இருப்பது தெரிந்தால்தானே இவற்றை உரிய நேரத்தில் தொடங்க முடியும்?

இனி நம் கைக்காரியம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் முதல் இரண்டு எதிரிகள் என்பது ஊருக்கே தெரியும். புகையும் பருமனும் அடுத்தவை. சாப்பாட்டு உப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று தட்டை நிரப்பினால் பயனில்லை. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு: அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். விலை கூடியதைத் தவிரச் சிறுநீரகத்துக்கு வித்தியாசம் தெரியாது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் அதே ரகச் சிக்கல். கல்லுக்குக் குடித்தேன், நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், கிரியேட்டினின் ஏறிய இன்னொருவர் தினம் ஒரு டம்ளர் குடிக்க ஆரம்பிக்கிறார். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத உடம்பில் அது சேர்ந்து இதயத் துடிப்பையே தடம்புரட்டலாம். கேரளத்தில் கொலஸ்டிரால் குறையும் என்று நம்பிப் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை 2013-ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கை என்றாலே பத்திரம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ. பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் ஒருவகைப் புரதக் கசிவு நோய் வருவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கண்டார்கள். சிவப்பழகு கிரீம்களிலிருந்து அதே கோளாறு வந்ததாகக் கேரளத்திலிருந்து தகவல். மருந்தையோ கிரீமையோ நிறுத்தியதும் பலருக்குக் கசிவு அடங்கியது என்பதுதான் ஆறுதல்.

ஆங்கில மருந்துக்காரர்கள் யோக்கியம் என்று இதற்குப் பொருளில்லை. "மூட்டு வலிண்ணே, ஒரு செட் குடுங்க" என்றால் மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதில் அநேகமாக ஒரு டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரோஃபெனோ இருக்கும். நெஃப்ரானுக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைக்கும் புராஸ்டாகிளாண்டினை இவை அடக்கிவிடுகின்றன. எப்போதாவது ஒன்று போட்டால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது. வயதானவர், பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், வயிற்றுப்போக்கில் தண்ணீர் வற்றியிருப்பவர் போட்டால் இரண்டே நாளில் சிறுநீரகம் படுத்துவிடலாம். மாதக்கணக்கில் தினம் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு உண்மைகள் உண்டு. நோய் வந்தவர்கள் வலுக்கட்டாயமாகக் கூடுதல் தண்ணீர் குடித்தால் பழுது நிற்குமா என்று கனடாவில் ஓராண்டு சோதித்தார்கள். நிற்கவில்லை, 2018-ல் முடிவு வந்தது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் உடம்பு வணங்கி வேலை செய்பவர் நிலை வேறு. எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையோ அழுத்தமோ இல்லாத வாலிபர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளுக்கும், ஆந்திராவின் உத்தானத்திலும் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத இதேபோன்ற நோய். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு, நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்ததாகக் கண்டது. கண்கூசும் வெள்ளைப் பாத்தி, மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து அதன் எதிரொளி, ஒதுங்க நிழல் கிடையாது. கழிப்பறையும் கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். இவர்களிடம் போய் நிறையத் தண்ணீர் குடியுங்கள் அம்மா என்று உபதேசிப்பதில் அர்த்தமில்லை. நிழலும் இடைவேளையும் கழிப்பறையும் கட்டித்தருவதுதான் அங்கே சிறுநீரக வைத்தியம். அது முதலாளியும் அரசும் செய்யவேண்டிய வேலை.

சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்திருப்பவர்கள், முன்பு கல் வந்தவர்கள், வெயிலில் உழைப்பவர்கள், அறுபது தாண்டியவர்கள், இவர்களெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றைப் பார்த்தாக வேண்டும்: ரத்த அழுத்தம், வடிகட்டும் திறனைக் கணக்கிட்ட கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் விகிதம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. காசில்லை என்ற காரணம் இதற்குச் செல்லாது. முதல் தடவை கூடுதலாக வந்தால் பதற வேண்டாம், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்த முறை லேப் சீட்டில் டாக்டர் ஆல்புமின் எழுதவில்லை என்றால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.