இடுப்பு வலியும் குதிரை வாலும்

கேமரன்மலைத் தேயிலைச் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று கொழுந்து வெட்டி, மூட்டையும் சுமந்தால் இடுப்பு சும்மா இருக்குமா? தைலம் தேய்த்து, 'கோயோக்' ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். பெரும்பாலும் அதில் தவறில்லை. தசைப்பிடிப்பு சில வாரங்களில் தானே தணியும்.

ஆனால் ஒரு வகை முதுகுவலி விடியும்வரைகூடப் பொறுக்காது. வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. மேல் இடுப்பளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்கும். இலத்தீனில் அதற்கு 'காடா எக்குவைனா', அதாவது குதிரை வால் என்றே பெயர். (வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.) எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி இந்த வாலை நெரித்தால் கால், சிறுநீர்ப்பை, மலவாய் மூன்றுமே பாதிக்கப்படலாம்.

மோட்டார்சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போயிருக்கிறதா? சிறுநீர் வர மறுக்கிறதா? மலம் தெரியாமல் போகிறதா? இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ உண்டா? இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அவசரம்தான்.

பலர் ஏமாறுவது சிறுநீரில். உணர்வு போன பை வலியில்லாமல் நிரம்பி, சொட்டுச் சொட்டாக வழியும். "போகிறதே" என்று நாமும் இருந்துவிடுவோம். இன்னொன்று கூச்சம். கிளினிக்கில் 'இடுப்பு வலி' என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்ப நேரலாம். முதல் பேச்சே சிறுநீரைப் பற்றி இருக்கட்டும். மலாயில் "தாக் போலே கெஞ்சிங்", மரத்திருந்தால் "கெபாஸ்" என்றால் போதும்.

நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சையை 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே செய்வது நல்லது என்பார்கள். தாமதித்தால் ஆயுள் முழுக்கக் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் நிலை வரலாம். தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், ஈப்போவுக்கு மலை இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதனால் இரவென்றாலும் 999-ஐ அழையுங்கள்.

முதுகுவலியோடு காய்ச்சல், சரிவில் விழுந்த அடி, முன்பே புற்றுநோய் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் முதுகை அமுக்கவிட வேண்டாம்.